சும்மா இருக்கத் தெரியாத மோட்டார்

சும்மா இருப்பது லேசான காரியமில்லை. ஞானிகள் அதற்காகவே மலையேறிக் குகையில் உட்கார்ந்திருக்கிறார்கள். மோட்டார்களுக்கும் அதே சங்கடம் உண்டு என்பது கடற்கரையில் போய் நின்று பார்த்தால்தான் தெரிகிறது. கியரில் போடாமல், கைப்பிடியைத் திருகாமல், "சற்று நேரம் சும்மா இரப்பா" என்று விட்டுவிட்டால், நல்ல மோட்டார் 'டுக்... டுக்... டுக்' என்று தாளம் போட்டுக்கொண்டு அடக்கமாக நிற்கும். இன்னொரு ரகம் உண்டு. யாரும் எதுவும் சொல்லாமலேயே 'ர்ர்ர்' என்று கத்திக்கொண்டு, படகையே உதறி எறிந்துவிடுவது போல் ஆடும். "என்ஜின் ரேஸ் ஆகுது" என்பார்கள் பட்டறைக்காரர்கள். "ஐடிலிங் வேகம் அதிகம்" என்று புத்தகம் சொல்லும். இரண்டும் ஒரே நோய்தான்.

"எனக்குப் படகும் கிடையாது, மோட்டாரும் கிடையாது. நான் ஏன் இதைப் படிக்க வேண்டும்?" என்று பக்கத்தைத் திருப்பித் தொடர்கதைக்குப் போக நினைக்கிறீர்களா? சற்றுப் பொறுங்கள். உங்கள் அப்பாவோ பெரியப்பாவோ ஒரு பழைய ஸ்கூட்டர் வைத்திருந்து, சிக்னலில் நிற்கும்போது அது தெருவே திரும்பிப் பார்க்கும்படி அலறியிருந்தால், இது உங்களுக்குத் தெரிந்த சமாசாரம்தான். ஸ்கூட்டர் அலறினால் மானம்தான் போகும். கடலில் அலறினால் வேறு எது எதுவோ போய்விடும். அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் இந்த யந்திரத்தைக் கொஞ்சம் அறிமுகப்படுத்தி விடுகிறேன். படகுக்குள்ளே உட்காராமல், பின்பக்கத்துப் பலகையில் வௌவால் மாதிரி தொங்கிக்கொண்டிருக்கிறதே, அதுதான் அவுட்போர்டு மோட்டார். மேலே என்ஜின், நடுவே நீண்ட தண்டு, கீழே தண்ணீருக்குள் கியர்ப்பெட்டியும் ப்ரொப்பெல்லரும். வேண்டும்போது மாட்டலாம், வேண்டாதபோது கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். இலங்கையில் 'வெளியிணைப்பு இயந்திரம்' என்று அழகாகப் பெயர் வைத்திருக்கிறார்கள். நம் கடற்கரையில் 'என்ஜின்' என்றாலே இதுதான்.

இதை வியாபாரமாக்கிப் புகழ் பெற்றவர் ஓலே எவின்ரூட் என்பவர். நார்வேயில் பிறந்து, சின்ன வயதிலேயே அமெரிக்காவுக்குக் குடிபோனவர். காதலித்த பெண் ஏரியின் நடுவே ஐஸ்கிரீம் கேட்டாளாம். வெயிலில் துடுப்புப் போட்டுக் கரைக்குப் போய் வாங்கிக்கொண்டு வருவதற்குள் அது உருகிப் பாயசமாகி விட்டதாம். அந்த வயிற்றெரிச்சலில்தான் மோட்டார் பிறந்தது என்று ஒரு கதை சொல்வார்கள். அவருக்குச் சில வருஷங்கள் முன்பே கேமரன் வாட்டர்மன் என்ற இன்னொருவர் இதே மாதிரி மோட்டார் செய்துவிட்டார் என்பதையும் நியாயத்துக்காகச் சொல்லிவிட வேண்டும். 1909-ல் விற்பனைக்கு வந்த எவின்ரூட் மோட்டாரின் பலம் ஒன்றரைக் குதிரைச் சக்தி. எடை சுமார் 28 கிலோ. ஐஸ்கிரீம் கேட்ட பெண்மணி அவர் மனைவியாகி, கணக்கு வழக்கையும் விளம்பரத்தையும் தாமே பார்த்துக்கொண்டார். அந்தப் பெயரில் மோட்டார் செய்வது 2020-ல் நின்று போயிற்று. ஜப்பான்காரர்கள் அதற்கு வெகு காலம் முன்பே உலகத்துக் கடற்கரைகளில் பாதியைப் பிடித்து விட்டார்கள்.

கன்னியாகுமரி மாவட்டத்துக் கடற்கரைக்கு இந்த மோட்டார்கள் பெருவாரியாக வந்தது 1980-களில். அதுவரை பாயும் துடுப்பும் கைவலிமையும்தான். இன்று குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் என்று எங்கே போனாலும் மணலில் வள்ளங்களும், அவற்றின் முதுகில் மோட்டார்களும் வரிசையாகத் தெரியும். பெட்ரோலில் கிளப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றிக்கொள்ளும் ரகம்தான் இங்கே அதிகம். கரைக்கு வருமுன் மறுபடி பெட்ரோலுக்கு மாற்றி, உள்ளே தங்கிய மண்ணெண்ணெய் எரிந்து தீர்ந்த பிறகு நிறுத்த வேண்டும். இதைச் செய்யாத சோம்பேறித்தனத்துக்கும் நம் கதைக்கும் சம்பந்தம் உண்டு, பின்னால் வருகிறது.

புது மோட்டார் விலை லட்சத்தைத் தாண்டும். ஆகவே பழைய மோட்டார் வாங்குவது சகஜம். குளச்சலுக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில், அண்ணனும் தம்பியுமாகக் கடலுக்குப் போகிற ஒரு குடும்பம் அப்படித்தான் ஒரு 9.9 குதிரைச் சக்தி மோட்டாரை வாங்கியது. இரண்டு சிலிண்டர், டூ-ஸ்ட்ரோக். பணத்தில் பெரும் பகுதி, தாயாரின் தாலிச் சங்கிலி தவிர மற்ற நகைகள் அடகுக் கடைக்குப் போனதில் வந்தது. விற்றவர் ஒரே இழுப்பில் மோட்டாரைக் கிளப்பிக் காட்டினார். அது கிளம்பியதும் கத்தியது. "கம்பீரமா நிக்குது பாத்தியா?" என்றார் விற்றவர். இருபத்திரண்டு வயதுப் பையனுக்குக் கம்பீரம் என்றால் பிடிக்காதா?

முதல் நாள் விடியற்காலை. இந்தப் பக்கத்துக் கடற்கரையில் அலை எப்படி அடிக்கும் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒரு பெரிய அலைக்கும் அடுத்ததற்கும் நடுவே கிடைக்கும் சில விநாடிகளில் வள்ளத்தைத் தள்ளி, மோட்டாரைத் தண்ணீரில் இறக்கி, கியரைப் போட்டு வெளியே பாய்ந்துவிட வேண்டும். தம்பி முன்பக்கம் நின்று கழியால் ஊன்றிக்கொண்டிருந்தான். அண்ணன் கியரைத் தள்ளினான். 'டணார்!' என்று ஒரு சத்தம். வள்ளம் முட்ட வரும் காளை மாதிரி துள்ளியது. கழியோடு தம்பி தண்ணீரில் விழுந்தான். நல்ல வேளை, முன்னால் விழாமல் பக்கவாட்டில் விழுந்தான். ப்ரொப்பெல்லர் அவன் காலுக்கு ஒரு முழம் தள்ளிப் போயிற்று என்கிறார்கள்.

இதில் மோட்டாரின் குற்றம் என்ன என்று கேட்பீர்கள். கார் ஓட்டுகிறவர்கள் கிளட்ச் என்று ஒன்றை மிதித்து, மெதுவாக விடுகிறார்கள் அல்லவா? அவுட்போர்டு மோட்டாரில் அந்த மரியாதையெல்லாம் கிடையாது. கீழே கியர்ப்பெட்டியில் சுழன்றுகொண்டே இருக்கும் பல்சக்கரத்தோடு, பல் வைத்த ஓர் இரும்புத் துண்டு போய்க் 'கபக்' என்று கடித்துக்கொள்ளும், அவ்வளவுதான். என்ஜின் மெதுவாகச் சுற்றினால் கடி மெதுவாக இருக்கும். வேகமாகச் சுற்றும்போது கடித்தால் வள்ளம் துள்ளும், ஆள் விழுவான், பல் முனை மழுங்கும். மழுங்கிய பல் ஒரு நாள், பாரம் ஏற்றி வரும்போது, பிடி நழுவிவிடும். ஆகவேதான் ஐடிலிங் வேகம் என்ற இந்தச் சின்ன விஷயத்துக்கு மோட்டார் கம்பெனிகள் இத்தனை அக்கறை எடுத்துக்கொள்கின்றன. மாடலுக்கு மாடல் கணக்கு மாறும் என்றாலும், பெரும்பாலான சின்ன மோட்டார்களுக்கு நிமிஷத்துக்கு 600-லிருந்து 1,000 சுற்றுக்குள் எங்கேயோ இருக்கும். சரியான எண் அந்தந்த மோட்டாரின் கைப்புத்தகத்தில் இருக்கிறது. பழைய மோட்டாரோடு கைப்புத்தகம் வருவது, பழைய வீட்டோடு மூலப்பத்திரம் வருவது போல அபூர்வம்.

அன்று மத்தியானமே தாயார் உத்தரவு போட்டுவிட்டார்: "இந்தச் சனியன் அடங்குத வரை கடலு தொடக் கூடாது." அடகுக் கடை வட்டி மட்டும் அடங்காமல் வளர்ந்துகொண்டிருந்தது. மூன்றாம் நாள் மோட்டாரைத் தூக்கிக்கொண்டு பட்டறைக்குப் போனார்கள்.

பட்டறை என்றால் பெரிய கட்டடம் என்று நினைத்துவிடாதீர்கள். தென்னங்கீற்றுக் கொட்டகை, ஒரு மரச் சட்டம், பாதியாக அறுத்த ஒரு நீல நிறப் பிளாஸ்டிக் பீப்பாய் நிறையத் தண்ணீர். மெக்கானிக்குக் கிட்டத்தட்ட அறுபது வயது. ஸ்பானரைத் தொடுவதற்கு முன் அவர் கேள்விகள் கேட்டார். எனக்குத் தெரிந்த சில டாக்டர்கள் இதைக் கற்றுக்கொண்டால் தேவலை.

"குளிந்து கெடக்கும்போதே கத்துதா, சூடான பொறவு கத்துதா?"

"ரெண்டு நேரமும் கத்துது மாமா. சூடானா கூடக் கொஞ்சம் கத்தும்."

"கைப்பிடிய விட்டா உடனே எறங்குதா, தயங்கித் தயங்கி எறங்குதா?"

பையன் யோசித்தான். "தயங்கித்தான் எறங்குது."

மெக்கானிக் தலையை ஆட்டினார். "ரெண்டு கள்ளன் இருக்கான் மக்கா. ஒருத்தன் இல்ல."

அவர் அப்படிச் சொன்னதன் காரணத்தை உங்களுக்கு விளக்கிவிடுகிறேன். என்ஜின் எவ்வளவு வேகமாகச் சுற்றும் என்பது, அது எவ்வளவு காற்றை உள்ளே இழுக்கிறது என்பதைப் பெரும்பாலும் பொறுத்தது. கார்புரேட்டரின் தொண்டையில் ஒரு வட்டத் தகடு இருக்கிறது. கைப்பிடியைத் திருகினால் அது திறக்கும், விட்டால் மூடிக்கொள்ளும். முழுக்க மூடினால் என்ஜின் மூச்சு முட்டிச் செத்துவிடும் என்பதால், ஒரு நூலளவு திறந்திருக்கும்படி ஒரு சின்ன ஸ்க்ரூ அதைத் தாங்கிக்கொண்டிருக்கும். இதுதான் ஐடிலிங் ஸ்க்ரூ. ஆகவே என்ஜின் அளவுக்கு மீறிக் கத்தினால், அளவுக்கு மீறிக் காற்று எங்கிருந்தோ வருகிறது. வாசல் வழியாக வரலாம். அதாவது தகடு சரியாக மூடவில்லை. அல்லது சுவரில் ஓட்டை போட்டு வரலாம். அதாவது கார்புரேட்டருக்கு அப்பால் ஏதோ ஒரு பேக்கிங் கிழிந்து, அந்தச் சந்து வழியாக என்ஜின் 'ஏர் இழுக்கிறது'. வாசல் திறந்திருந்தால் குளிரிலும் சூட்டிலும் ஒரே மாதிரி கத்தும். சுவரில் ஓட்டை என்றால், சூடேற ஏறக் கூடும்; கைப்பிடியை விட்டாலும் உடனே இறங்காமல் அடம்பிடிக்கும். பையன் சொன்னதில் இரண்டு அடையாளமும் இருந்தன.

இந்த இரண்டாவது கள்ளன்தான் அபாயமானவன். டூ-ஸ்ட்ரோக் என்ஜினுக்குத் தனியாக எண்ணெய்த் தொட்டி இல்லை. பெட்ரோலோடு கலந்து ஊற்றும் எண்ணெய்தான் அதன் உயிர். 50 பங்குக்கு 1 பங்கு என்பது பல மோட்டார்களுக்குக் கணக்கு, அதாவது லிட்டருக்கு 20 மில்லி. சந்து வழியாக வரும் காற்று வெறுங்காற்று. அதில் பெட்ரோலும் இல்லை, எண்ணெயும் இல்லை. கலவை நீர்த்துப்போகும், பிஸ்டன் அளவுக்கு மீறிச் சூடாகும், எண்ணெய்ப் பசை குறையும், கடைசியில் சிலிண்டரோடு ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். இது நடப்பது பெரும்பாலும் முழு வேகத்தில், கரை கண்ணுக்குத் தெரியாத தூரத்தில். ஐடிலிங்கில் கேட்கும் கத்தல், அந்த விபத்து அனுப்பும் முன்னோலை.

சரி, பட்டறைக்குத் திரும்புவோம்.

மோட்டாரைச் சட்டத்தில் மாட்டி, கீழ்ப் பாகம் பீப்பாய்த் தண்ணீரில் நன்றாக அமிழும்படி இறக்கினார்கள். ப்ரொப்பெல்லரை முதலிலேயே கழற்றி வைத்தார் மெக்கானிக். தண்ணீர் இல்லாமல் இந்த மோட்டாரைக் கிளப்புவது பெரிய பிசகு. உள்ளே தண்ணீரை ஏற்றும் பம்பின் ரப்பர்ச் சக்கரம் வறண்டு சுற்றினால் கொஞ்ச நேரத்திலேயே கருகிவிடும். தண்ணீர் ஏறுகிறதா என்று காட்ட, மோட்டாரின் பின்புறம் ஒரு சின்னத் துவாரத்திலிருந்து நீர்த்தாரை பீய்ச்சும். அதற்குப் பட்டறையில் வழங்கும் பெயரைக் குடும்பப் பத்திரிகையில் அச்சிட முடியாது. குழந்தைகள் கேட்டால் சிரிப்பார்கள்.

ஸ்பார்க் ப்ளக் கம்பியில் ஒரு மெல்லிய ஒயரைச் சுற்றினார். அதன் மறுமுனையில் தீப்பெட்டி அளவுக் கருவி. சுற்றை எண்ணிச் சொல்லும். கிளப்பியதும் 1,600 காட்டியது. காதால் கேட்டு "கொஞ்சம் அதிகம்" என்று நினைத்ததற்கும் இதற்கும் எவ்வளவு வித்தியாசம், பாருங்கள்! ஒரு விஷயத்தை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். கரையில் வைத்து, குழாய்த் தண்ணீர் காட்டி ஓட்டினால் எந்த மோட்டாரும் கடலில் ஓடுவதை விடக் கொஞ்சம் வேகமாகவே சுற்றும். புகை வெளியேறும் வழியைத் தண்ணீர் அழுத்துவதில்லை. தள்ளுவதற்குப் பாரமும் இல்லை. அதை நம்பி ஸ்க்ரூவை இறக்கிவிட்டுக் கடலுக்குப் போனால், கியர் போட்டதும் என்ஜின் நின்றுபோகும். பீப்பாய் கொஞ்சம் உண்மைக்குக் கிட்டே வரும். முடிவான தீர்ப்பு கடலில்தான்.

முதல் சோதனை கேபிளுக்கு. கைப்பிடியிலிருந்து வரும் கம்பியைக் கார்புரேட்டர் பக்கத்தில் கழற்றிவிட்டார். உப்புக் காற்றில் கேபிள் உறைக்குள் துருப்பிடித்து, கைப்பிடியை விட்டாலும் தகட்டை முழுக்க மூடவிடாமல் பிடித்துக்கொண்டிருப்பது உண்டு. கழற்றியதும் வேகம் குறைந்தால் கேபிள்தான் குற்றவாளி. இங்கே குறையவில்லை. கேபிள் விடுதலை.

அடுத்தது ஐடிலிங் ஸ்க்ரூ. அவர் டார்ச் அடித்துக் காட்டினார். ஸ்க்ரூ தலையில் யாரோ பல தடவை திருகிய காயம். சாதாரணமாக நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டி நாலைந்து சுற்று உள்ளே போயிருந்தது. பையன் முகம் மலர்ந்தது. "இவ்வளவுதானா? அத எறக்கிவிட்டாப் போதுமே!"

மெக்கானிக் இறக்கிவிட்டார். மோட்டார் இரண்டு இருமல் இருமிவிட்டு நின்றுபோயிற்று. மறுபடி கிளப்பினால் மறுபடி நின்றது.

"பாத்தியா மக்கா? இத ஏத்தி வெச்சவன் பொழுது போகாம ஏத்தல. ஏத்தாட்டி நிக்காதுன்னு ஏத்தியிருக்கான். உனக்கு வித்தவன் காய்ச்சலுக்கு மாத்திர குடுத்துக் கூட்டிட்டு வந்திருக்கான்."

பழைய மோட்டார் வாங்குகிறவர்கள் இந்த இடத்தைச் சற்று நின்று படிக்க வேண்டும். மெதுவாகச் சுற்றும்போது என்ஜினுக்குப் பெட்ரோல் ஊட்டுவது கார்புரேட்டரில் உள்ள ஒரு குட்டி ஜெட். குண்டூசி முனை கூட நுழையாத துவாரம். அது அடைத்துக்கொண்டால் மோட்டார் மெது வேகத்தில் பட்டினி கிடந்து சாகும். ஜெட்டைக் கழற்றிச் சுத்தம் செய்ய அரை நாள் ஆகும். ஐடிலிங் ஸ்க்ரூவை ஏற்றி விட அரை நிமிஷம் போதும். தகடு அதிகமாகத் திறந்துகொள்ளும், அடுத்த துவாரத்திலிருந்து பெட்ரோல் வரும், மோட்டார் சாகாது, கத்தும். வாங்குகிறவன் அதைக் கம்பீரம் என்று நினைத்துக்கொள்வான்.

கார்புரேட்டர் வெளியே வந்தது. அடிக் கிண்ணத்தைத் திறந்தபோது, அதில் பனங்கருப்பட்டிப் பாகு மாதிரி பழுப்பு நிறத்தில் ஒரு படிவு. பெட்ரோலுக்கு மாற்றாமலே நிறுத்தி நிறுத்தி வைத்து, மண்ணெண்ணெய் உள்ளேயே கிடந்து பிசினாகியிருந்தது. சுத்தம் செய்யும் திரவத்தில் எல்லாவற்றையும் ஊறப் போட்டார். ஜெட் துவாரத்தில் கம்பி விடவில்லை. ஜெட் பித்தளை, இரும்புக் கம்பி உரசினால் துவாரம் பெரிதாகி, புது ஜெட் வாங்க வேண்டி வரும். அவர் கையில் எடுத்தது தூண்டில் நரம்பு! மெல்லிய நைலான் நரம்பில் ஒரு முழம். கடற்கரைப் பட்டறையில் அதற்கா பஞ்சம்? இரண்டு தடவை நுழைத்து இழுத்து, காற்றடித்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். உள்ளே ஒரு நட்சத்திரம் தெரிந்தது.

கலவையைத் திருத்தும் இன்னொரு குட்டி ஸ்க்ரூவும் உண்டு. அதை எத்தனை சுற்று உள்ளே போகிறது என்று எண்ணிக்கொண்டே மெதுவாக மூடிப் பார்த்துக் குறித்துவைத்துவிட்டுத்தான் கழற்ற வேண்டும். ஆத்திரத்தில் இறுக்கினால் ஊசி முனையும் அது உட்காரும் இடமும் சேர்ந்து கெடும். சில மாடல்களில் இதை உள்ளே திருகினால் பெட்ரோல் குறையும்; சிலவற்றில் காற்று குறையும். பக்கத்து வீட்டு மோட்டாரில் பலித்த வைத்தியம் உங்கள் மோட்டாரில் தலைகீழாகப் போவதற்கு இதுதான் காரணம்.

எல்லாவற்றையும் மாட்டி, ஐடிலிங் ஸ்க்ரூவைப் பழைய நியாயமான இடத்துக்கு இறக்கிக் கிளப்பினார்கள். ஆகா! 'டுக்... டுக்... டுக்' என்று அடங்கி நின்றது. கருவி 950 காட்டியது. தாயாரும் அப்போது வந்துவிட்டிருந்தார். "சரியாச்சா தம்பி?" என்றார்.

"ஒரு சாயா குடிச்சுட்டு வாறேன் அக்கா. அதுவரை ஓடட்டும்" என்றார் மெக்கானிக்.

சாயா பாதி குடிப்பதற்குள் சத்தம் ஏறத் தொடங்கிவிட்டது. 1,000... 1,150... 1,300. இரண்டாவது கள்ளன் வெளியே வந்துவிட்டான்.

இவனைப் பிடிக்க அவர் எடுத்த ஆயுதம், வீட்டில் துணிக்கு இஸ்திரி போடும்போது தண்ணீர் தெளிக்கிறோமே, அந்தப் பீச்சாங்குழல். உள்ளே சோப்புத் தண்ணீர். ஓடிக்கொண்டிருக்கும் என்ஜினில் ஒவ்வோர் இணைப்பிலும் துளித் துளியாகப் பீய்ச்சிக்கொண்டே வந்தார். ஸ்ப்ரே டப்பாவில் வரும் கார்புரேட்டர் திரவத்தை அடித்துக்கூடச் சிலர் பார்க்கிறார்கள். அது தீப்பிடிக்கும் சரக்கு. சூடான என்ஜின் மேல் அந்த விளையாட்டு வேண்டாம். தண்ணீரே போதும். சந்து இருக்கும் இடத்தில் தண்ணீர் பட்டால், காற்றுக்குப் பதில் தண்ணீர் சந்தை அடைக்கும். அந்த விநாடி என்ஜின் சத்தம் மாறும். கார்புரேட்டரைச் சிலிண்டர் பக்கத்தோடு சேர்க்கும் இடத்தில், கீழ் ஓரத்தில் பீய்ச்சியதும், அலறல் சட்டென்று தணிந்து, மறுபடி கிளம்பியது. இன்னொரு முறை பீய்ச்சினார். மறுபடி தணிந்தது.

கழற்றிப் பார்த்தால், கம்பெனி பேக்கிங் இருக்க வேண்டிய இடத்தில் ஏதோ ஓர் அட்டைப் பெட்டியை வெட்டி வைத்திருந்தார்கள். மருந்து டப்பாவாக இருக்க வேண்டும். 'குலுக்கி உபயோகிக்கவும்' என்பதில் பாதி எழுத்து இன்னும் தெரிந்தது. அட்டை பெட்ரோலில் ஊறி, சூட்டில் சுருங்கி, கீழ் ஓரத்தில் கிழிந்திருந்தது. போதாக்குறைக்கு, அந்த அட்டையை எப்படியாவது அடைக்க வேண்டும் என்று ஒரு பக்கத்து போல்ட்டை மட்டும் அசுரத்தனமாக இறுக்கியதில் அலுமினிய முகப்பே லேசாக வளைந்திருந்தது. கண்ணாடிப் பலகை மேல் மெல்லிய உப்புத்தாளை விரித்து, முகப்பை எட்டு வடிவில் தேய்த்துத் தேய்த்துச் சமமாக்கினார். தம்பிக்காரன் தேய்க்கிற வேலையை வாங்கிக்கொண்டான். விழுந்தவன் அல்லவா? அவனுக்குத்தான் அக்கறை அதிகம்.

நாகர்கோவிலிலிருந்து புது பேக்கிங் வந்து சேர மறுநாள் மத்தியானம் ஆயிற்று. அதன் விலையைச் சொன்னால் உங்களுக்கு வருத்தமாக இருக்கும். அந்தப் பட்டறையில் இரண்டு பேர் மீன் குழம்புச் சாப்பாடு சாப்பிடும் காசு கூட ஆகவில்லை.

பேக்கிங் மாற்றியும் அடங்காத மோட்டார்களும் உண்டு. அப்போது சந்தேகம் உள்ளே போகும். கார்புரேட்டருக்குப் பின்னால் மெல்லிய தகடுகளாலான ரீட் வால்வ் இருக்கிறது. கிராங்க் தண்டின் இரு முனையிலும் எண்ணெய் சீல் இருக்கிறது. மேல் சீல் தேய்ந்தால் அங்கேயும் காற்று புகும். அதெல்லாம் மணலில் உட்கார்ந்து செய்கிற வேலையில்லை. பல மோட்டார்களில் கைப்பிடியைத் திருகும்போது தீப்பொறி விழும் நேரமும் கூடவே முன்னால் நகரும். அந்த இணைப்பு தப்பான இடத்தில் நின்றுவிட்டால், தகடு மூடியிருந்தும் வேகம் கூடுதலாகவே நிற்கும். இரண்டு மூன்று கார்புரேட்டர் உள்ள பெரிய மோட்டார்களில் எல்லாத் தகடும் ஒரே நேரத்தில் மூடுகின்றனவா என்பது தனிப் பரீட்சை. புது ஃபோர்-ஸ்ட்ரோக் மோட்டார்களிலோ ஐடிலிங்கைக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்கிறது. அவற்றிடம் ஸ்க்ரூ டிரைவரை நீட்டுவதில் பிரயோஜனமில்லை.

நம் மோட்டாருக்கு அந்தக் கஷ்டமெல்லாம் வரவில்லை. புது பேக்கிங்கோடு, போல்ட்டுகளை மாற்றி மாற்றிச் சம இறுக்கத்தில் முடுக்கியதும், அரை மணி ஓடியும் 950-ஐத் தாண்டவில்லை. ப்ளக்கைக் கழற்றிக் காட்டினார். முன்பு வெள்ளையாகச் சாம்பல் பூத்தது போல் இருந்த மூக்கு, இப்போது டீத் தூள் நிறத்துக்கு வரத் தொடங்கியிருந்தது. வெள்ளை என்றால் உள்ளே வேகிறது என்று அர்த்தம். இன்னும் கொஞ்ச நாள் அப்படியே ஓடியிருந்தால் பிஸ்டன் தேறியிருக்காது என்றார். இரண்டு சிலிண்டரிலும் கம்ப்ரஷன் பார்த்தார். ஏறக்குறைய ஒரே அளவு. பெரிய அளவில் ஏற்றத்தாழ்வு இருந்திருந்தால் அந்த நகைகளைப் பற்றி நான் இங்கே வேறு விதமாக எழுத வேண்டியிருக்கும்.

மோட்டார் வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நீங்கள் போய்ச் சேரும்போது மோட்டாரின் தலையில் கையை வையுங்கள். சூடாக இருந்தால், விற்கிறவர் முன்கூட்டியே ஓட்டி வைத்திருக்கிறார். ஆறும் வரை உட்கார்ந்து பேசிக்கொண்டிருங்கள். பச்சைத் தண்ணீராக ஆறிய மோட்டார் எப்படிக் கிளம்புகிறது, சூடான பின் எப்படி நிற்கிறது, கைப்பிடியை விட்டதும் எப்படி இறங்குகிறது என்ற மூன்றையும் பாருங்கள். ஐடிலிங் ஸ்க்ரூவில் புதுக் கீறல் இருந்தால் காரணம் கேளுங்கள். கத்துகிற மோட்டாரை விட, கொஞ்சம் திணறுகிற மோட்டார் யோக்கியமானது. அது நோயை மறைக்கவில்லை.

மாலையில் கடலில் வைத்துப் பார்த்தார்கள். தாயார் கரையில் நின்றார். ப்ரொப்பெல்லர் மாட்டி, அலை குறைந்த ஒதுக்கத்தில், என்ஜினை நிறுத்தும் கயிற்றைக் கையில் கட்டிக்கொண்டு அண்ணன் உட்கார்ந்தான். அந்தக் கயிறு மோட்டாரோடு வந்ததுதான். இத்தனை நாள் வீட்டில் ஆணியில் தொங்கியது. ஆள் விழுந்தால் கயிறு இழுபட்டு என்ஜின் நின்றுவிடும். அதைக் கட்டாமல் இனி வள்ளத்தில் ஏறக் கூடாது என்பது மெக்கானிக்கின் நிபந்தனை. கியரில் போட்டு, தண்ணீரின் பாரத்தோடு ஐடிலிங் ஸ்க்ரூவைக் கடைசியாக ஒரு கால் சுற்று ஏற்றி நிறுத்தினார். அப்புறம் நியூட்ரல், மறுபடி கியர், மறுபடி நியூட்ரல். 'க்ளக்' என்று பூட்டு திறக்கிற சத்தம்தான் கேட்டது. வள்ளம் துள்ளவில்லை.

கரைக்கு வந்ததும் கியர்ப்பெட்டியின் எண்ணெயை ஒரு தகர டப்பாவில் வடித்தார். எண்ணெய் பால் மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது என்று அர்த்தம். வெளுக்கவில்லை. ஆனால் ஒரு காந்தத்தை உள்ளே விட்டு எடுத்தபோது, அதன் நுனியில் மீன் செதிள் பொடி மாதிரி இரும்புத் தூள் மின்னியது. அந்த முதல் நாள் 'டணார்' போட்ட கணக்கோ, அதற்கு முந்தின சொந்தக்காரர் போட்ட கணக்கோ, யார் கண்டது? புது எண்ணெய் ஊற்றி மூடினார். ஒரு வாரம் கடலுக்குப் போகட்டும்; வலை இறங்காத ஞாயிற்றுக்கிழமை மறுபடி வடித்துப் பார்க்கலாம்; தூள் குறைந்திருந்தால் சரி, கூடியிருந்தால் கியர்ப்பெட்டியைத் திறந்தே ஆகவேண்டும் என்றார். தாயார் அந்தக் காந்தத்தை வாங்கி, விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.